ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லாத சேர்மத்துக்குப் பங்கீட்டுக் குணகம் கணித்த விதம்

இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் ஆலைகளுக்கான துணைப்பொருள்கள் தயாரிக்கும் ஒரு சிறு ஆலைக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது ஒரு வேதிப்பொருளின் பண்புகளையும் ஆபத்துகளையும் வாங்குபவருக்குச் சொல்லும் தாள், எழுதிக்கொடுக்கும் வேலையை ஏற்றிருந்தேன். குரோம் ஏற்றிய ஈரத்தோலை, அதாவது இங்கே எல்லோரும் ‘வெட் ப்ளூ’ என்று சொல்லும் சரக்கை, அடுக்கி வைத்திருக்கும்போது பூசணம் பிடிக்காமல் காக்கும் மருந்து அது. தாளின் 9-ஆம் பிரிவில் ஆக்டனால்–நீர் பங்கீட்டுக் குணகத்தையும், 12-ஆம் பிரிவில் அந்தச் சேர்மம் உயிரினங்களின் உடலில் சேருமா என்பதையும் எழுத வேண்டும். மருந்தில் இருந்த மற்ற கூறுகளுக்கெல்லாம் அட்டவணைகளில் அளந்த மதிப்புகள் கிடைத்தன. முதன்மைக் கூறான 4-குளோரோ-3-மெத்தில்பீனாக்ஸி எத்தனாலுக்கு மட்டும், நான் நம்பி எழுதக்கூடிய அளந்த மதிப்பு எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

பங்கீட்டுக் குணகம் என்பது, ஒன்றோடொன்று கலக்காத ஆக்டனாலும் (எண்ணெய் போன்ற ஓர் ஆல்ககால்) நீரும் சேர்ந்திருக்கும் குடுவையில் ஒரு சேர்மம் எந்தப் பக்கம் எவ்வளவு தங்குகிறது என்ற விகிதம். பத்தின் மடக்கையாக எழுதுவதே வழக்கம்: மதிப்பு 2 என்றால் நீரில் இருப்பதைப் போல நூறு மடங்கு செறிவு ஆக்டனாலில் இருக்கிறது, 3 என்றால் ஆயிரம் மடங்கு. ஆக்டனாலை மீனின் கொழுப்புக்கும் மண்ணின் மட்குக்கும் ஏறத்தாழ ஈடாக வைத்துக்கொள்வதால், இந்த ஒரே எண்ணிலிருந்து அந்தச் சேர்மம் மீனில் சேருமா, சேற்றில் படியுமா, நிலத்தடி நீரோடு ஓடுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் விடை கிடைக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்து குடிநீர் எடுக்கும் மாவட்டங்களில் இந்த எண்ணைப் பொறுப்பில்லாமல் எழுதிவிட முடியாது.

அளப்பதில் உள்ள தடை பணம் மட்டுமல்ல. இந்த ஆலையில் பாராகுளோரோமெட்டாகிரசால் என்ற பீனாலை, அதாவது பி.சி.எம்.சி.யை, எத்திலீன் கார்பனேட்டோடு சூடாக்கி, கரியமில வாயு வெளியேற, ஈத்தராக்குகிறார்கள். வினை ஒருபோதும் ஒரே பொருளோடு நிற்பதில்லை. வினைபடாத பி.சி.எம்.சி. கொஞ்சம் மிஞ்சும்; ஒன்றுக்குப் பதில் இரண்டு எத்தாக்ஸி அலகுகள் (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கொண்ட துண்டுகள்) ஏறிய துணைப்பொருளும் கொஞ்சம் உண்டாகும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 107-ஆம் சோதனை வழிகாட்டுதலின் குலுக்கல் குடுவை முறைக்குத் தூய பொருள் வேண்டும், அல்லது மூன்றையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். ஆலையில் இருப்பது புறஊதா நிறமாலைமானி மட்டுமே. மூன்றுமே 280 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், அந்தக் கருவி காட்டுவது மூன்றும் கலந்த ஒரு சராசரியாகவே இருக்கும். 117-ஆம் வழிகாட்டுதலின் உயர் அழுத்தத் திரவ நிறச்சாரல் முறை (எச்.பி.எல்.சி.) கூறுகளைப் பிரித்துக் காட்டுவதால் கலப்படத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கருவி கைக்கெட்டிய இடத்தில் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

ஆலை உரிமையாளருக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. “தம்பி, லேப்ல போடாம நாமளே ஒரு நம்பர எழுதினா, வாங்குறவங்க ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டார். “எப்படி வந்துச்சுன்னு கணக்கோட எழுதிக் கொடுத்தா ஒத்துக்குவாங்க பாய். சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு” என்றேன். வேதிப்பொருள்களைப் பதிவுசெய்து கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் ஒழுங்குமுறையின் 7-ஆம் இணைப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொருள் சிதைந்துபோனாலோ, மேற்பரப்பு இழுவிசையை மிகவும் குறைப்பதாக இருந்தாலோ, நீரிலோ ஆக்டனாலிலோ கரையாவிட்டாலோ, போதிய தூய்மையில் கிடைக்காவிட்டாலோ, கணக்கிட்ட மதிப்பைக் கணக்கிட்ட முறையின் விவரங்களோடு தர வேண்டும். எங்கள் சேர்மம் அந்தக் கடைசி நிலையைச் சேர்ந்தது.

கணக்கிடும் முறைகளின் அடிப்படை ஒன்றே. 1964-இல் ஹான்ஷும் ஃபுஜிட்டாவும், ஒரு பென்சீன் வளையத்தில் ஒரு குளோரினையோ மெத்திலையோ சேர்த்தால் மடக்கை மதிப்பு ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது என்று காட்டினார்கள். 1995-இல் மெய்லனும் ஹோவர்டும் அதை விரிவாக்கி, மூலக்கூறை அணுக்களாகவும் துண்டுகளாகவும் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு கொடுத்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் எபி சூட் மென்பொருளின் கோவின் பகுதி இந்த முறையில்தான் இயங்குகிறது. மென்பொருளில் கட்டமைப்பை இட்டால் ஒரு நொடியில் விடை வந்துவிடும். என்றாலும் ஒருமுறை காகிதத்தில் கையால் கூட்டிப் பார்ப்பதை நான் விடுவதில்லை. எந்தத் துண்டு விடையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

எங்கள் சேர்மத்தின் கூட்டல் இப்படி அமைந்தது. வளையத்தின் ஆறு கார்பன்களுக்குத் தலா 0.2940 வீதம் 1.7640. வளையத்து மெத்திலுக்கு 0.5473. வளையத்துக் குளோரினுக்கு 0.6445. ஒரு பக்கம் வளையத்தோடு இணைந்த ஈத்தர் ஆக்சிஜனுக்குக் கழித்தல் 0.4664. இரண்டு மெத்திலீன்களுக்கு 0.9822. கடைசியில் இருக்கும் ஆல்ககால் ஹைட்ராக்சிலுக்குக் கழித்தல் 1.4086. எல்லாச் சேர்மங்களுக்கும் பொதுவான மாறிலி 0.2290. மொத்தம் 2.29. கொழுப்பின் பக்கம் இழுப்பவை வளையமும் மெத்திலீன்களும் குளோரினும் மெத்திலும்; நீரின் பக்கம் இழுப்பதில் பெரும்பங்கு அந்த ஒற்றை ஹைட்ராக்சிலுக்கே உரியது.

இந்த 2.29-ஐ அப்படியே தாளில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோவினின் சொந்த ஆவணமே, முறையை உருவாக்கப் பயன்படாத 10,946 சேர்மங்களில் சோதித்தபோது, பிழை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நியமவிலக்கம் 0.479 என்று சொல்கிறது. அதாவது பாதி அலகு முன்பின் போவது சாதாரணம். மடக்கையை விலக்கிப் பார்த்தால் அது மூன்று மடங்கு. ஆனால் அந்தப் பிழை எல்லாக் குடும்பங்களிலும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. சில வேதிக் குடும்பங்களில் இந்த முறை மிக நெருங்கி வரும், சிலவற்றில் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறும். ஆகவே அளந்த மதிப்பு உள்ள உறவுச் சேர்மங்களை அதே கூட்டலில் ஓட்டிப் பார்த்து, முறை அந்தக் குடும்பத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்த பிறகே நம் எண்ணை நம்ப வேண்டும். என் நேரத்தின் பெரும்பகுதியை நான் இதற்கே கொடுத்தேன்.

முதலில் பீனால்கள். பீனாலுக்குக் கூட்டல் தருவது 1.51, அளந்தது 1.46. 4-குளோரோபீனாலுக்குக் கூட்டல் 2.16, அளந்தது 2.39. மூலப்பொருளான பி.சி.எம்.சி.க்குக் கூட்டல் 2.70, அளந்தது 3.10. ஒரு காலத்தில் தோல் பாதுகாப்பில் புழங்கிப் பின்னர் விலக்கப்பட்ட பென்டாகுளோரோபீனாலுக்குக் கூட்டல் 4.74, அளந்தது 5.12. பீனாலில் குளோரின் ஏறியவுடன் முறை குறைத்தே சொல்கிறது என்பது இந்த வரிசையில் தெளிவாகிறது. குளோரின் வளையத்திலிருந்து எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் பீனாலின் ஆக்சிஜன் நீரிடமிருந்து ஹைட்ரஜன் பிணைப்பைப் பெறும் திறன் குறைகிறது. அதனால் மூலக்கூறு தனித்தனித் துண்டுகளின் கூட்டுத்தொகை சொல்வதைவிடக் கூடுதலாக ஆக்டனாலின் பக்கம் போகிறது. துண்டுகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளும் எந்த முறைக்கும் இந்தக் குறை இருக்கும்.

எங்கள் சேர்மம் பீனால் அல்ல, ஈத்தர். ஆகவே ஈத்தர்களைப் பார்த்தேன். பீனாலின் மெத்தில் ஈத்தரான அனிசோலுக்குக் கூட்டல் 2.07, அளந்தது 2.11. 4-குளோரோ அனிசோலுக்கு 2.72, அளந்தது 2.78. எல்லாவற்றையும்விட நெருங்கிய உறவான 2-பீனாக்ஸி எத்தனாலுக்குக் கூட்டல் 1.10, அளந்தது 1.16. மூன்றிலும் வேறுபாடு பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பீனாலில் குளோரின் சேர்ந்தபோது அளந்த மதிப்பு 0.93 கூடியது, அனிசோலில் அதே குளோரின் 0.67 மட்டுமே கூட்டியது. எனவே பி.சி.எம்.சி.யின் 0.4 பிழையை அப்படியே எங்கள் ஈத்தருக்கும் சேர்த்துத் திருத்துவது நியாயமாகாது.

அளந்த மதிப்பிலிருந்து தொடங்கி நடப்பது எப்போதும் வெறும் கூட்டலைவிட நல்லது. பீனாக்ஸி எத்தனாலின் 1.16-ஐ அடித்தளமாக வைத்து, மேலே மெத்திலுக்கும் குளோரினுக்கும் உரிய துண்டு மதிப்புகளைச் சேர்த்தால் 2.35 வருகிறது. துண்டு மதிப்புகளுக்குப் பதிலாக அளந்த வேறுபாடுகளையே எடுத்துக்கொண்டு, குளோரினுக்கு அனிசோலில் கண்ட 0.67-ஐயும், மெத்திலுக்குப் பென்சீனிலிருந்து டொலுவீனுக்குப் போகும்போது வரும் 0.60-ஐயும் சேர்த்தால் 2.43. இந்த இரண்டும் 2.29-உம் ஒன்றுக்கொன்று அருகிலேயே நிற்கின்றன.

இவற்றோடு நிறுத்தியிருந்தால் மனநிறைவான விடை கிடைத்திருக்கும். ஆனால் நம் சேர்மத்தின் இரண்டு ஏற்றங்களையும், அதாவது மெத்திலையும் குளோரினையும், ஒருசேரத் தாங்கிய பீனாக்ஸி உறவு ஒன்று இருக்கிறதா என்று தேடினால், நெல் வயல்களில் தெளிக்கும் எம்.சி.பி.ஏ. களைக்கொல்லி எதிரே வருகிறது. அது 4-குளோரோ-2-மெத்தில்பீனாக்ஸி அசிட்டிக் அமிலம். அதற்குக் கூட்டல் தருவது 2.52, அட்டவணையில் உள்ள அளந்த மதிப்பு 3.25. வேறுபாடு 0.73. மெத்தில் அங்கே ஈத்தருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது, நம்முடையதில் தள்ளி இருக்கிறது. அது அமிலம் என்பதால் நீரை நன்கு புளிப்பாக்கி அளந்தால்தான் சரியான மதிப்பு வரும். இந்தக் காரணங்களைச் சொல்லி அதை ஒதுக்கிவிடலாம். ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒத்துப்போகும் உறவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒத்துவராததைத் தள்ளிவிட்டால் சோதனை என்ற சொல்லுக்கே பொருளில்லை. ஆகவே நடு மதிப்பை 2.35 என்று வைத்து, மேல் எல்லையை 2.29-உடன் 0.73 சேர்த்து 3.0 என்றும், கீழ் எல்லையை 2.2 என்றும் கொண்டேன்.

கணக்கைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 1965-இல் பாய்ஸும் மில்பரோவும் பரிந்துரைத்த மெல்லடுக்கு நிறச்சாரல் முறை அது. சிலிகா தகடுகளை ஹெக்சேனில் கரைத்த திரவப் பாரபினில் முக்கி, ஹெக்சேன் ஆவியாகும்வரை நிறுத்தி வைத்தால், தகடு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூண்டுவிடும். நகத்தால் தொட்டால் வழுவழுப்பு தெரிய வேண்டும். தகடு பளபளத்தால் எண்ணெய் அதிகம் என்று பொருள். ஓடவிடும் மெத்தனால்–நீர்க் கலவையையும் பாரபினோடு முன்கூட்டியே குலுக்கி நிறைவுறச் செய்யாவிட்டால், கலவை ஏற ஏறத் தகட்டின் எண்ணெயைக் கழுவிக்கொண்டே போய்விடும். கொழுப்பை விரும்பும் சேர்மம் எண்ணெயில் தங்கிப் பின்தங்கும். நீரை விரும்புவது முன்னே ஓடும். பொட்டு ஏறிய உயரத்தைக் கரைப்பான் ஏறிய உயரத்தால் வகுத்து, அந்தப் பின்னத்தின் தலைகீழிலிருந்து ஒன்றைக் கழித்து, மடக்கை எடுத்தால் வரும் எண், ஒரே குடும்பச் சேர்மங்களுக்குள் பங்கீட்டு மடக்கையோடு நேர்கோட்டில் அமையும்.

மாதிரியை முதலில் டொலுவீனில் கரைத்து நீர்த்த காஸ்டிக் சோடாவால் கழுவினோம். பி.சி.எம்.சி. பீனால் என்பதால் உப்பாகி நீருக்குள் இறங்கிவிடும். ஈத்தர்கள் டொலுவீனிலேயே தங்கும். 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும் தகட்டில் பொட்டுகள் கருநிழலாகத் தெரிந்தன. ஒப்பீட்டுக்காக அதே தகட்டில் இட்ட பீனாக்ஸி எத்தனால் முன்னே போயிருந்தது. அதற்கு நன்றாகப் பின்னால் எங்கள் முதன்மைக் கூறின் பெரிய பொட்டும், அதற்குச் சற்று முன்னே இரண்டு எத்தாக்ஸி ஏறிய துணைப்பொருளின் சிறு பொட்டும் நின்றன. ஒவ்வோர் எத்தாக்ஸி அலகும் துண்டுக் கணக்கில் 0.27 குறைக்கும் என்பதோடு அந்த வரிசை பொருந்தியது. இந்தத் தகட்டிலிருந்து நான் எண் எதையும் எடுத்து எழுதவில்லை. பாரபினால் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்க இயலாது, ஆக்டனாலால் இயலும். அதனால் பீனால்கள் இந்தத் தகட்டில் தங்கள் ஆக்டனால் மதிப்புக்குப் பொருந்தாமல் முன்னே ஓடிவிடும். வெவ்வேறு குடும்பங்களை ஒரே கோட்டில் கட்டினால் கோடு பொய் சொல்லும். வரிசை சரியா என்று பார்க்க மட்டுமே இது உதவும்.

உருகுநிலையையும் நீரில் கரைதிறனையும் கொண்டு பங்கீட்டைக் கணிக்கும் யால்கோவ்ஸ்கியின் சமன்பாட்டையும் பி.சி.எம்.சி.யில் சோதித்தேன். லிட்டருக்கு 3.8 கிராம் கரையும் அந்தப் பொருளுக்கு அது சுமார் 1.7 என்று சொன்னது, அளந்ததோ 3.10. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மருந்தில் குழம்பாக்கியாக லாரைல் ஆல்ககால் எத்தாக்ஸிலேட்டும் சேர்கிறது. ஏழு எத்தாக்ஸி அலகுகள் கொண்ட ஒரு மூலக்கூறுக்குக் கூட்டிப் பார்த்தால் 2.85 என்று ஒரு எண் வரும். அந்த எண்ணை நான் தாளில் சேர்க்கவில்லை. குழம்பாக்கி ஆக்டனாலிலும் நீரிலும் பங்கிட்டுக் கரைந்து நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையிலான எல்லைப் பரப்பில் ஏறி நிற்கும், செறிவு கூடினால் நீருக்குள்ளேயே உருண்டைகளாகத் திரளும். குடுவையைக் குலுக்கினால் பாலாக மாறிப் பிரியாமலே இருக்கும். அங்கே பங்கீட்டுக் குணகம் என்ற அளவுக்கே பொருள் குறைவு என்பதால், “மேற்பரப்புச் செயல் உடையது, பங்கீட்டுக் குணகம் பொருந்தாது” என்று எழுதினேன்.

இனி, வீச்சு கையில் இருக்கும்போது எந்த முனையை எடுப்பது? இந்த வேலையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே: பாதுகாப்பான பக்கம் என்பது கேள்விக்குக் கேள்வி மாறும். மீனில் சேருமா என்று கேட்டால் மேல் முனையான 3.0-ஐ எடுக்க வேண்டும். வீத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979-இல் தந்த சமன்பாட்டின்படி, பங்கீட்டு மடக்கையை 0.85-ஆல் பெருக்கி 0.70-ஐக் கழித்தால் உயிர்ச்செறிவுக் காரணியின், அதாவது நீரில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு செறிவு மீனில் இருக்கும் என்பதன், மடக்கை கிடைக்கும். 2.35-க்குக் காரணி சுமார் 20, 3.0-க்குச் சுமார் 70. வேதிப்பொருள்களின் ஆபத்துகளை வகைப்படுத்தும் ஐ.நா.வின் உலகளாவிய வகைப்பாட்டு முறை கவலைப்படத் தொடங்கும் எல்லை, காரணி 500 அல்லது பங்கீட்டு மடக்கை 4. மேல் முனையிலும் நாம் அதற்கு வெகு கீழே இருக்கிறோம். இந்தக் கேள்விக்கு அளவீடு இல்லாமலே உறுதியாகப் பதில் சொல்லலாம்.

நிலத்தடி நீரோடு ஓடுமா என்று கேட்டால் நிலைமை தலைகீழ். கொழுப்பை எவ்வளவு குறைவாக விரும்புகிறதோ அவ்வளவு குறைவாக மண்ணில் ஒட்டும். ஆகவே இங்கே கீழ் முனையான 2.2-ஐ எடுக்க வேண்டும். காரிக்காஃபின் சமன்பாட்டின்படி பங்கீட்டு மடக்கையிலிருந்து 0.21 கழித்தால் கரிமக் கார்பனில் ஒட்டும் குணகத்தின் மடக்கை வரும்: 2.2-க்கு அந்தக் குணகம் சுமார் 100. ஆற்றுமணலில் கரிமக் கார்பன் மிகக் குறைவு. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் மணலில் ஒட்டும் குணகம் கிலோவுக்கு 0.1 லிட்டர். மணலின் அடர்த்தியையும் துளைவெளியையும் வழக்கமான அளவில் வைத்துக் கணக்கிட்டால், நீர் பத்து அடி நகரும் நேரத்தில் இந்தச் சேர்மம் ஏழு அடி நகர்ந்துவிடும். பாலாற்று மணல் இதைப் பிடித்து நிறுத்தாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இது சேற்றோடு போவதைவிட நீரோடு போவதே அதிகம். அங்கே இதைத் தடுக்கக்கூடியவை நுண்ணுயிர்ச் சிதைவும், அதற்குப் பின் வரும் சவ்வுகளும்தான். தோல் ஆலைக் கழிவுகள் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்த ஆற்றின் பொருட்டுத்தான் நாட்டின் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. உயிர்ச்செறிவு குறைவு என்ற ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு, நீரோடு ஓடும் என்ற வரியை விட்டுவிடும் தாள், வாங்குபவரின் கண்ணுக்கு நன்றாகத் தோன்றும்; ஆற்றங்கரையில் இருப்பவருக்கு உதவாது.

தாளின் 9-ஆம் பிரிவில் இப்படி எழுதினேன்: “ஆக்டனால்–நீர் பங்கீட்டு மடக்கை 2.35, கணக்கிட்டது, ஏற்கத்தக்க வீச்சு 2.2 முதல் 3.0 வரை, 2-பீனாக்ஸி எத்தனாலின் அளந்த மதிப்பை அடிப்படையாகக் கொண்ட துண்டுக் கூட்டல், போதிய தூய்மையில் பொருள் கிடைக்காததால் அளவீடு செய்யப்படவில்லை.” மிச்சம் நிற்கும் பி.சி.எம்.சி.க்கு அளந்த 3.10-ஐத் தனி வரியாகக் கொடுத்தேன். அதைக் கலவையின் சராசரிக்குள் கரைத்து மறைக்கக் கூடாது. 12-ஆம் பிரிவில் உயிர்ச்செறிவு குறைவு என்பதற்கு அடுத்த வரியிலேயே மண்ணில் நகரும் தன்மை அதிகம் என்று சேர்த்தேன். உறவுச் சேர்மங்களின் கூட்டலும் அளந்த மதிப்புகளும் அடங்கிய பக்கம், எம்.சி.பி.ஏ. உட்பட, தாளுக்குப் பின்னிணைப்பாகப் போனது.

மடக்கை 3 என்பதை எல்லையாக வைத்துக் கேட்கும் வாங்குபவர்களும் உண்டு. ரீச்சிலேயே பெரிய அளவில் விற்கும் பொருள்களுக்கான உயிர்ச்செறிவுச் சோதனையிலிருந்து விலக்குக் கேட்க அந்த எல்லை பயன்படுகிறது. எங்கள் மேல் முனை சரியாக அந்தக் கோட்டின் மீது நிற்பதால், அவர்களுக்கு இந்தக் கணக்கை மட்டும் காட்டி “மூன்றுக்குக் கீழ்” என்று கையெழுத்திட மாட்டேன் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட ஆர்டர் வரும்போது காஸ்டிக் சோடாவில் கழுவிய மாதிரியைத் திரவ நிறச்சாரலுக்கு அனுப்ப அவர் இசைந்திருக்கிறார். பீனாக்ஸி எத்தனாலையும் 4-குளோரோ அனிசோலையும் ஒப்பீட்டுப் பொருள்களாக அந்த மாதிரியோடு சேர்த்து அனுப்பும்படி குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.